பங்காளி என்ன கொடுப்பான்?

ஒரு பொருளுக்கு என்ன விலை வைக்கலாம் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் இன்றைக்கும் என்னிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். விலை விஷயத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை. பட்டம் வாங்கியும் உத்தியோகம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஊர் தானாகவே கொடுத்த பேரை வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? ஆனால் அந்தப் பேர் எப்படி வந்தது என்பதை நான் ஒழுங்காக யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பேர் போய்விடும். இப்போது போனால் போகட்டும் என்கிற வயதுக்கு வந்துவிட்டேன்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது. என் அக்காவை மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொடுத்திருந்தோம். மச்சான் தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, புதுசாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும். மூக்குப்பொடி வாங்கச் சேலத்துக்குப் போனவர் ஒரு கடை வாசலில் நிலக்கடலை உடைக்கும் கைமெஷினைப் பார்த்துவிட்டார். மேலே கடலையைக் கொட்டி, இரண்டு ஆள் நின்று தடியை முன்னும் பின்னும் ஆட்டினால் தொலி உடைந்து பருப்பு கீழே விழும். இருபது பெண்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உடைப்பதை இது மத்தியானத்துக்குள் உடைத்துவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். மூக்குப்பொடி வாங்க மறந்துவிட்டுத் திரும்பி வந்தார் மச்சான்.

கையில் அவ்வளவு ரூபாய் இல்லை. அடுத்த சந்தைக்கு வண்டிமாட்டு ஜோடியை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டார். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்க ஒரு கிழட்டு ஜோடி வீட்டில் இருந்தது. அது போதும் என்பது அவர் கணக்கு. விற்ற ஜோடி அக்காவுக்கு எங்கள் வீட்டுச் சீர். கன்றாக வந்ததுகளை அவள் தன் கையால் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து வளர்த்தாள். விற்கிறேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷர்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் தோளிலிருக்கும் துண்டை எடுத்து விரிப்பார். அதற்குள் இருவரும் கையை விட்டு விரல்களைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும். எந்த விரல் எத்தனை ரூபாய் என்பது பிடித்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்பவன் துண்டைத்தான் பார்க்கலாம். மச்சானும் தரகரும் துண்டுக்குள் பேசி முடித்தார்கள். வாங்குகிற ஆள் யார் என்று மச்சான் கேட்கவில்லை, தரகரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்த ஜோடி பக்கத்துத் தோட்டத்தில் உழுதுகொண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மச்சானுக்குப் பெரியப்பா மகன். இரண்டு குடும்பத்துக்கும் கிணறு பொது. தண்ணீர் முறை விஷயத்தில் தகராறு வந்து ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஒரு கிளுவை வேலி. வேணுமென்றே, பார்த்து வயிறு எரியட்டும் என்றே வாங்கியிருக்கிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாகப் பேசியது. மச்சானும் அப்படித்தான் நினைத்தார். நானும் நினைத்தேன்.

அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து மச்சானிடம் ஒரே தடவை பேசினாள்.

"பட்டிப் பொங்கலன்னைக்கு என்ற எருது ரெண்டும் என்ற கட்டுத்தரையில நிக்கோணும். இல்லீன்னா நான் எங்கய்யன் ஊட்டுக்குப் போறேன்."

எங்கள் பக்கத்தில் பக்கத்துத் தெருவுக்குக் கிளம்புகிறவர்கள்கூட 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். சாகக் கிடக்கிறவர்களும் போகிறேன் என்று சொல்வதில்லை. அக்கா 'போறேன்' என்று சொன்னதைக் கேட்டு மச்சான் அரண்டுபோய்விட்டார். அன்றைக்கே எனக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டார். அப்போது கார்த்திகை பிறந்திருந்தது. பொங்கலுக்கு இரண்டு மாசம்கூட இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மெஷின் களத்தில் புதுப் பெயிண்ட் மினுமினுக்க நின்றது. அக்கா மச்சானுக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் வழியாகச் சொன்னாள். மச்சான் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அக்கம்பக்கத்துக் கடலையையெல்லாம் கூலிக்கு உடைத்துக் கொடுத்துப் பணம் சேர்த்து, மாட்டை மீட்க வேண்டும். மூட்டைக்கு என்ன கூலி கேட்பது என்பதுதான் கேள்வி. இந்த மெஷின் எங்கள் பக்கத்துக்கே புதுசு. இதற்கு முன்னால் யாரும் ஒரு விலை வைத்ததில்லை, பார்த்து வைப்பதற்கு. அதிகம் கேட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள், குறைத்துக் கேட்டால் பொங்கலுக்குள் பணம் சேராது. "நீ படிச்சவன் மாப்ளே, கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றார்.

படித்தவன் என்றதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. கல்லூரியில் என் பொருளாதார ஆசிரியர் கிராமங்களை விசாரிப்பதற்கென்று நீளமான கேள்வித்தாள் ஒன்று அச்சடித்து வைத்திருந்தார். அவர் பின்னால் மைப்புட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கோடை விடுமுறை அலைந்தவன் நான். அதே மாதிரி ஒரு தாளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டித் தயாரித்தேன். வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர் கடலை, எத்தனை மூட்டை தேறும், மெஷினில் உடைத்துக் கொடுத்தால் மூட்டைக்கு என்ன தருவீர்கள். கடலையை உடைக்கிற பெண்களுக்கு என்ன கூலி போகிறது என்று கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர்களுக்கு என் தாளில் கட்டம் கிடையாது.

வீடு வீடாகப் போனேன். முப்பது நாற்பது தோட்டம் இருக்கும். வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது? போன இடமெல்லாம் "வாங்க சாமி, உக்காருங்க" என்று கட்டிலைப் போட்டு மோர் கொடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு சொம்பு மோர் குடித்தேன். மூன்றாம் நாள் எனக்குச் சளி பிடித்துக்கொண்டது. நான்காவது கேள்விக்கு எல்லோரும் முதலில் சொன்ன பதில் ஒன்றுதான். நீங்க என்ன சொல்றீங்களோ அதானுங்க. ஒரு தொகை சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால் மூஞ்சியைச் சுளிக்காமல் ஆறணா என்றார்கள், எட்டணா கொடுத்தாலும் தகும் என்றார்கள். ஒருவர் பத்தணா என்றார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்ததை நான் பின்னால்தான் யோசித்தேன்.

எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பார்த்தேன். ஏழணா வந்தது. ஓர் அணாவைத் தாராளமாகக் குறைத்து ஆறணா வைக்கலாம் என்று மச்சானுக்குச் சொன்னேன். ஒரு பலகையில் சுண்ணாம்பால் எழுதித் தடத்தோரம் வேப்பமரத்தில் தொங்கவிட்டார். ஒரு வாரம் காத்திருந்தோம். ஆள் வராமல் இல்லை, தினம் வந்தார்கள். மெஷினைத் தொட்டுப் பார்த்தார்கள், தடியைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டிப் பார்த்தார்கள், சேலத்துக்காரன் மூளையே மூளை என்று மெச்சினார்கள். பிறகு "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் ஒரு மூட்டை கொண்டுவரவில்லை. அவரவர் வாசலில் பெண்கள் எப்போதும் போல உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, கேட்டால் பொய் சொல்கிறார்கள், கேட்காமல் பார்த்துவிடுவோம் என்று அடுத்த முறைக்கு மாறினேன். சந்தையில் தொலியோடு கடலை என்ன விலைக்குப் போகிறது, உடைத்த பருப்பு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் நடுவில் இருக்கும் வித்தியாசம் உடைப்பதற்கு ஜனங்கள் மனசில் வைத்திருக்கும் மதிப்பு. இதை நினைத்துக் கண்டுபிடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஆனால் கடலை வியாபாரமும் துண்டுக்குள்தான் நடந்தது. ஒரு தரகருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று கற்றுக்கொண்டேன். கற்று என்ன செய்ய, விரல் துண்டுக்குள் அல்லவா இருக்கிறது? வேறு வழியில்லாமல் தோளைப் பார்த்தேன். தோள் ஒரு தரம் குலுங்கினால் இவ்வளவு, முழங்கை பின்னுக்குப் போனால் இவ்வளவு என்று குத்துமதிப்பாக எழுதினேன். மூன்று சந்தைக்கு என் நோட்டு முழுக்கத் தோள்கள்.

தோள்களைக் கூட்டிக் கழித்ததில் நாலணா வந்தது. பலகையை அழித்து எழுதினோம். இந்தத் தடவை இரண்டு மூட்டை வந்தது. ஒன்று மச்சானின் தாய்மாமன் வீட்டு மூட்டை. இன்னொன்றைக் கொண்டுவந்தவர் கூலியைக் கொடுத்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. அக்கா தினமும் விடியற்காலையில் கோலம் போட்டுப் பூசணிப் பூ வைத்துவிட்டு, நேரே வேலிக்குப் போய் அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். கட்டுத்தரையில் இரண்டு முளைக்குச்சி வெறுமனே நின்றன. அவற்றைச் சுற்றி மட்டும் தினமும் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா என் தாள்களைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறாய் படி என்றாள். படித்தேன். ஒரு வீட்டுக்கு எட்டணா என்று நான் படித்ததும் சிரித்துவிட்டாள். நான் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வீட்டில் உப்பு வாங்கவே எட்டு நாள் யோசிப்பார்கள் என்றாள். பிறகு சொன்னாள்:

"உன்னைய முன்னால உக்கார வெச்சுக்கிட்டு, நான் குடுக்கமாட்டேன்னு எவன் சாமி சொல்லுவான்? நீ என்ன குடுப்பேன்னு கேக்காத. உன்ற பங்காளி என்ன குடுப்பான்னு கேளு."

ஒருவனைப் பற்றி இன்னொருவன் சொல்வதைச் சாஸ்திரம் ஏற்றுக்கொள்ளாது என்று நான் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள். "கேட்டுட்டு வா, பொறவு பேசு" என்றாள்.

மறுபடியும் அதே வீடுகள், அதே மோர். கேள்வியை மட்டும் மாற்றினேன். மாற்றியதும் மனுஷர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஆறணாவுக்குத் தயார்தான் என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆனால் எங்கள் பங்காளி இருக்கிறானே, இரண்டணாவுக்கு மேலே ஒரு தம்பிடி அவிழ்க்கமாட்டான். வீட்டுப் பெண்கள் உடைத்துக்கொள்ள மாட்டார்களா என்பான், தொலி போய்விட்டால் அடுப்புக்கு என்ன செய்வது என்பான், விதைக்கடலையை மெஷினில் போட்டால் பருப்பு இரண்டாகப் போய் முளைக்காதே என்பான், அவன் புத்தி அப்படி. பங்காளியின் மனசு அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்தப் பங்காளியின் வீட்டுக்குப் போனேன். அவரும் தான் ஆறணாவுக்குத் தயார் என்றும், இவர்தான் மகா கஞ்சன், இரண்டணாவைத் தாண்டமாட்டார் என்றும் சொன்னார். தொலி, விதைக்கடலை எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. இப்படியே ஒருவரை ஒருவர் வைதுகொண்டு எல்லோரும் ஒரே விலையைச் சொன்னார்கள். அவரவர் தன் மனசில் இருப்பதைப் பங்காளி தலையில் ஏற்றிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அக்காவுக்கு அது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்திருந்தது.

விலை அவள்தான் வைத்தாள். இரண்டணா. தொலியைக் கொண்டுவந்தவர்களே கொண்டுபோகலாம். விதைக்கடலையை நாங்கள் மெஷினில் போடவே மாட்டோம், அதைக் கையால்தான் உடைக்க வேண்டும் என்று நாங்களே சொல்லிவிடுவது. பலகையை அழித்து மூன்றாம் தரம் எழுதினேன். இரண்டாம் நாள் தடத்தில் வண்டி வரிசை நின்றது. பங்காளி வண்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அவசரமாக வந்தவர்களும் அதில் உண்டு. மச்சானும் நானும் மாறி மாறித் தடியை ஆட்டினோம். பேனா பிடித்த என் கை இரண்டும் கொப்பளித்துப் போயின. வீட்டில் உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் சிலர் எங்கள் களத்தில் உட்கார்ந்து பருப்பும் சொத்தையும் பிரித்தார்கள், முன்னைவிடக் குறைந்த கூலிக்கு. விலை எல்லோருக்கும் திருப்தி என்று அப்போது நான் எழுதிவைத்தேன்.

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது, மச்சான் மாடு விற்ற தொகை ஏறக்குறையச் சேர்ந்துவிட்டது. இனி பக்கத்துத் தோட்டத்துக்காரர் திருப்பிக் கொடுக்க என்ன கேட்பார் என்று தெரியவேண்டும். எனக்குத்தான் இப்போது உயர்ந்த முறை ஒன்று கைவசம் இருக்கிறதே. களத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். அவர் என்ன கேட்பார் என்று நினைக்கிறீர்கள்? கேட்டவர்களெல்லாம் யோசிக்காமல் சொன்னார்கள், வாங்கின விலைக்கு இரண்டு பங்கு கேட்பான், சுளையாக இரண்டு பங்கு. வயிற்றெரிச்சலுக்கு வாங்கினவன் சும்மா விடுவானா? ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. இரண்டணாவைக்கூட இவ்வளவு சட்டென்று ஒத்துச் சொன்னதில்லை. அழகாக எழுதிக்கொண்டு வந்து அக்காவிடம் படித்தேன்.

இரண்டு பங்குக்கு இன்னொரு கடலை வெள்ளாமை வந்தாக வேண்டும். அக்கா எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சேலைகளை மடித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் வாசலில் உட்கார்ந்து கைக்கொப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் நான் என் தாளோடு நின்றேன்.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் கிளுவை வேலியின் கடவைத் திறந்துகொண்டு ஒரு வண்டி உள்ளே வந்தது. ஆறு வருஷமாகத் திறக்காத வழி அது. வண்டியில் பன்னிரண்டு மூட்டைக் கடலை. முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நடந்து வந்தார். வண்டியை இழுத்து வந்தவை அக்காவின் காளைகள். களத்தில் நிறுத்தி, யாரையும் பார்க்காமல் நுகத்தை அவிழ்த்தார். கயிற்றை விட்டதும் இரண்டு மாடும் நேரே கட்டுத்தரைக்குப் போய், இடது மாடு இடது முளையிலும் வலது மாடு வலது முளையிலுமாக நின்றுகொண்டன. அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

பன்னிரண்டு மூட்டையையும் உடைத்துக் கொடுத்தோம். பலகையைப் பார்த்து இருபத்துநாலு அணாவை எண்ணி வைத்தார். பேரம் பேசவில்லை. மச்சான் உள்ளே போய்ப் பண முடிச்சை எடுத்துவந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். மச்சான் அதற்குள் கையை விட்டார். நான் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு தோளும் குலுங்கவில்லை, ஒரு முழங்கையும் அசையவில்லை. மச்சான் கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தார், மற்றவர் விடவில்லை. மச்சானுக்குக் கண் கலங்கியதை மட்டும் பார்த்தேன். பிறகு துண்டு தோளுக்குப் போனது, முடிச்சில் பெரும்பகுதி கை மாறியது.

"அம்மிணி, எருதுக்குத் தண்ணி காட்டு" என்று சொல்லிவிட்டு அவர் கடவு வழியே போய்விட்டார். பருப்பு மூட்டைகளை ஆள் விட்டு எடுத்துக்கொண்டார். வண்டி பொங்கல் கழியும்வரை எங்கள் களத்திலேயே நின்றது. அக்கா தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டணா விலையை நான் கண்டுபிடித்ததாக மச்சான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குப் பேர் வந்தது. துண்டுக்குள் பேசிய விலையை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம், நீதான் ஊரெல்லாம் விசாரித்து எழுதிவைத்திருக்கிறாயே, அதைப் பார் என்று கேலி செய்வார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் ஒரு கல்யாணத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. அவருக்கு அப்போது நன்றாக வயதாகியிருந்தது. எந்த முறையும் இல்லாமல் நேராகவே கேட்டேன், அன்றைக்குத் துண்டுக்குள் என்ன விலை சொன்னீர்கள் என்று. அவரும் நேராகவே சொன்னார்.

"வாங்குன வெலைதான் சாமி. ரெண்டு மாசம் ஓட்டுனதுக்கு அஞ்சு ரூவா கழிச்சேன். அது ஆகாதுன்னு உங்க மச்சான் கையை இழுத்தான்."

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். சந்தையில் வெளியூர் ஆள் ஒருவன் அந்த ஜோடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தானாம். அவனோடு போனால் திரும்பாது என்று, தனக்காகப் பேசி முடிக்கும்படி தரகரிடம் இவர் சொன்னாராம். மச்சான் வந்து ஒரு வார்த்தை கேட்டால் அன்றைக்கே ஓட்டிவந்து கட்டிவிடலாம் என்று காத்திருந்தாராம். இரண்டு பங்கு கேட்பான் என்று எனக்குச் சொன்ன அத்தனை பேரும் தாங்கள் கேட்டிருக்கக்கூடிய விலையைத்தான் சொன்னார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை எழுதிக்கொண்டு வந்து அக்காவைக் கூடையில் சேலை அடுக்கவைத்தவன் நான்.

அவர் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்:

"அவந்தான் வரலை. செரி, நீயாச்சும் வருவேன்னு பாத்தேன். காயிதத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை ஊரெல்லாம் போன. ரெண்டு தடவையும் என்ற வேலியத் தாண்டித்தான் போன. உனக்குன்னு எங்க ஊட்டுல மோரு கலக்கி வெச்சிருந்தாங்க சாமி."